பள்ளி மலையேற்றத்துக்கும் கூடார முகாமுக்கும் துணை போகும் பெரியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பல பள்ளிகள் எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை மலையேற்றத்துக்கும் கூடார முகாமுக்கும் அழைத்துப் போகின்றன. ஆசிரியர்கள் மட்டும் போதாதபோது பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் "ஒரு சனி ஞாயிறு கூட வர முடியுமா?" என்று கேட்கிறார்கள். அல்சூர், ஃப்ரேசர் டவுன், விவேக்நகர் முதல் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி வரை உள்ள தமிழ்க் குடும்பங்கள் கிளம்புமுன் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

மேற்பார்வையாளருக்கு என்ன வேலை? பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தால் போதுமா?

எந்த வகைப் பயணம் என்பதைப் பொறுத்தது. வழிகாட்டி முன்னால் போக, பிள்ளைகள் நடுவில் வர, நீங்கள் கடைசி ஆளாக நடப்பது ஒரு வகை. சாதாரண ஒருநாள் மலையேற்றம் இப்படித்தான். இதில் கடைசி ஆளுக்கு ஒரே ஒரு விதி உண்டு: உங்களுக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. ஷூ லேஸ் கட்ட யாராவது நின்றால் நீங்களும் நிற்க வேண்டும்.

இன்னொரு வகையில் பிள்ளைகள் தாங்களே வழி பார்த்து, தாங்களே சமைத்து, தாங்களே கூடாரம் போடுவார்கள். எடின்பரோ கோமகன் விருது என்று இங்கிலாந்தில் 1956-ல் தொடங்கிய திட்டம் இந்தியாவில் 1962 முதல் நடக்கிறது. இங்கே அதை ஐஏஒய்பி (இளையோருக்கான சர்வதேச விருது) என்பார்கள். அதில் 4 முதல் 7 பேர் ஒரு குழு. வெண்கல நிலைக்கு (14 வயது முதல்) 2 பகல் 1 இரவு, நாளுக்கு 6 மணி நேர முயற்சி. வெள்ளிக்கு (15 முதல்) 3 பகல் 2 இரவு, 7 மணி நேரம். தங்கத்துக்கு (16 முதல்) 4 பகல் 3 இரவு, 8 மணி நேரம். தேர்வுப் பயணத்துக்கு முன்னால் ஒரு பயிற்சிப் பயணமும் கட்டாயம். பயிற்சியில் கூடவே நடக்கலாம். தேர்வுப் பயணத்தில் பெரியவர் கூட நடப்பதில்லை. வழியில் குறித்த இடங்களில் காத்திருப்பார், தூரத்திலிருந்து கவனிப்பார். ஓடிப்போய் உதவத் துடிக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி.

எனக்கு மலையேறிப் பழக்கமில்லை. வரலாமா?

வரலாம். முகாமில் பொருள் கணக்கு, பேருந்துத் தொடர்பு, இரவுக் கண்காணிப்பு என்று வேலை நிறைய இருக்கிறது. ஆனால் குழுவில் ஒருவராவது முறையாகப் பயின்றவராக இருக்க வேண்டும். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமி பயிற்சி தருகிறது. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்திலோ (1965), டார்ஜிலிங்கில் உள்ள இமயமலை மலையேற்ற நிறுவனத்திலோ (1954) அடிப்படைப் பயிற்சி முடித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதலுதவி எல்லோருக்கும் வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் வகுப்பே நல்ல தொடக்கம். முடிந்தால் காட்டுச் சூழலுக்கான 16 மணி நேர முதலுதவிப் பயிற்சி எடுங்கள். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வரும் என்ற நம்பிக்கையில்தான் நகரத்து முதலுதவி சொல்லித் தரப்படுகிறது; மலையில் மூன்று மணி நேரம் நீங்களே சமாளிக்க வேண்டியிருக்கலாம்.

உடல்தகுதிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முதுகில் 8 கிலோ பையோடு சுல்தான்பேட்டையிலிருந்து படிவழியாக நந்தி மலை ஏறுங்கள். ஏறிய பிறகு, களைத்துப்போன ஒரு பிள்ளையின் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் தயார்.

பள்ளி என்னென்ன சான்று கேட்கும்?

கர்நாடகத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு சேவாசிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கைக்கு வர நாளாகும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். இதோடு அடையாள அட்டை, உங்களை அறிந்த இருவரின் பரிந்துரை, குழந்தைப் பாதுகாப்புப் பற்றிய வகுப்பு. "நாங்கள் பெற்றோர்தானே, எங்களுக்குமா?" என்று வருத்தப்படாதீர்கள். எந்தச் சான்றும் கேட்காமல் அனுப்பும் பள்ளியை நினைத்துத்தான் வருத்தப்பட வேண்டும்.

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்?

ஒருநாள் நடைக்கு 10 பேருக்கு ஒருவர், இரவு தங்கினால் 8 பேருக்கு ஒருவர், பாறை ஏற்றம் இருந்தால் 6 பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விகிதத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. கால் சுளுக்கிய பிள்ளையை ஒரு பெரியவர் ராமநகர மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டால், மீதிப் பிள்ளைகளோடு எத்தனை பேர் இருப்பார்கள்? அப்போதும் இருவர் இருக்க வேண்டும். ஆகவே எட்டே பிள்ளைகள் போனாலும் மூன்று பெரியவர்கள். வழிகாட்டியையும் ஓட்டுநரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெண்பிள்ளைகள் இருந்தால் பெண் மேற்பார்வையாளர் கட்டாயம். ஒருவருக்குப் பதில் இருவராக இருந்தால் இரவில் நிம்மதி.

பிள்ளைகளோடு பழகுவதில் எல்லை எது?

மூடிய இடத்தில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. கூடாரம், கார், அறை எல்லாம் மூடிய இடம்தான். தனியாகப் பேச வேண்டியிருந்தால் மற்றவர் கண்ணில் படும்படி, காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்களின் கூடாரம் தனி, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி. பிள்ளைகளுக்குத் தனி வாட்ஸப் செய்தி வேண்டாம். பள்ளி வைத்திருக்கும் குழுவில் மட்டும் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளையும் அதே பயணத்தில் இருந்தால் அவனை வேறொரு மேற்பார்வையாளரின் குழுவில் போடச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவனும் வளர மாட்டான், நீங்களும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க மாட்டீர்கள்.

2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ போலீசுக்குச் சொல்வது பிரிவு 19-ன்படி உங்கள் சட்டக் கடமை. நடந்த குற்றம் தெரிந்தும் மறைத்தால் பிரிவு 21-ன்படி 6 மாதம் வரை சிறை. "பள்ளி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன்" என்பதோடு உங்கள் கடமை முடியாது. ஒரு பிள்ளை உங்களிடம் மனம் திறந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேளுங்கள், குறுக்கே கேள்வி போடாதீர்கள், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

தூரத்திலிருந்து மேற்பார்வை என்றால் நடைமுறையில் எப்படி?

வழித்தடத்தில் 2 முதல் 3 கிலோமீட்டருக்கு ஒரு சந்திப்பு இடம் குறியுங்கள். பாதை பிரியும் இடம், சாலையைக் கடக்கும் இடம், ஓடை, கிராமத்து முனை என்று யாரும் தவறவிட முடியாத அடையாளமாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நேரம் எழுதுங்கள்: வர வேண்டிய நேரம், கவலைப்படத் தொடங்கும் நேரம் (30 நிமிடம் கழித்து), தேடப் போகும் நேரம் (60 நிமிடம் கழித்து). இந்த மூன்று நேரமும் பிள்ளைகளின் தாளிலும் இருக்க வேண்டும். எப்போது நீங்கள் தேடி வருவீர்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் இருந்த இடத்திலேயே காத்திருப்பார்கள்.

ஐந்து பேர் ஒரு பிரிவுப் பாதைக்கு வந்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் இருநூறு அடி தள்ளி ஒரு புளியமரத்தடியில். வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் பையன் அதைத் தன் பக்கம் நேராகத் திருப்பிப் பிடித்திருக்கிறான். வரைபடத்தின் வடக்கு தெற்கே பார்க்கிறது. இடது பாதையைக் காட்டுகிறான். மற்ற நால்வரில் ஒருத்திக்குச் சந்தேகம், ஆனால் வாய் திறக்கவில்லை. இப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். இடது பாதை எங்கே போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: 400 மீட்டரில் ஒரு கேழ்வரகு வயலில் முட்டி நிற்கும். போகட்டும். வயலைப் பார்த்ததும் அந்தப் பெண் பேசுவாள், வரைபடம் திரும்பும், அரை மணி நேரம் வீணாகும், அதற்குள் ஐவரும் ஒரு பாடம் படித்திருப்பார்கள். இதே இடது பாதை கல்குவாரி விளிம்புக்கோ ரயில் தண்டவாளத்துக்கோ போவதாக இருந்தால், முதல் அடி வைக்குமுன்பே எழுந்து போய் நிறுத்துங்கள். அதனால்தான் பிள்ளைகளை அனுப்புமுன் சரியான வழியோடு தப்பான வழிகளையும் நீங்கள் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

சந்திப்பு இடத்தில் அவர்கள் வந்ததும் "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே அங்கிள்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "உன் பாட்டிலைக் காட்டு." "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய், என்ன நிறம்?" "யார் மெதுவாக நடக்கிறார்கள், அவர் பை எவ்வளவு கனம்?" "உங்களில் இன்று பேசாமல் வருபவர் யார்?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் உடல் கோளாறிலோ மனக் கவலையிலோ போய் முடியும்.

தலையெண்ணும்போது ஆளுக்கொரு எண் கொடுத்து அவர்களையே சொல்ல வையுங்கள். நீங்கள் எண்ணினால் நகரும் தலை இருமுறை எண்ணப்படும். பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு ஓய்வு முடிந்ததும், விளக்கணைக்கும்போது, எழுந்ததும்.

நேரக் கணக்கு போடுவது எப்படி?

1892-ல் நெய்ஸ்மித் என்பவர் சொன்ன கணக்கு இன்றும் அடிப்படை: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி நேரம். அது பழகிய பெரியவருக்கு. பையோடு நடக்கும் பதின்மவயதினருக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் போடுங்கள். 9 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் நடைக்கு 3 மணி, ஏற்றத்துக்கு அரை மணி, மணிக்குப் பத்து நிமிட ஓய்வு. மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல். எப்படியும் பகல் 3 மணிக்குள் கூடாரம் போடும் இடத்தை அடையும்படி திட்டமிடுங்கள். இருட்டில் முதல்முறை கூடாரம் போடும் பிள்ளைகள் கம்பியை உடைப்பார்கள், சண்டையும் போடுவார்கள்.

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவிலான வரைபடத்தைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். கூகுள் வரைபடத்தில் காட்டுப் பாதைகள் பல இருக்காது.

எந்த மலை? யாரிடம் அனுமதி?

முதல் பயணத்துக்கு சாவனதுர்கா, சிவகங்கே, ஸ்கந்தகிரி, மாகளிதுர்கா, கோலாரின் அந்தரகங்கே எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. குமார பர்வதம் (1,712 மீட்டர்) முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏற்றம் முழங்காலைத் தின்றுவிடும். சாவனதுர்கா பார்க்க எளிது, ஆனால் 1,226 மீட்டர் உயரமுள்ள வழுவழுப்பான ஒற்றைப் பாறை. மழை பெய்தால் கால் நிற்காது. இறங்கும்போது பாறையில் உள்ள அம்புக்குறிகளை விட்டு விலகி வழிதவறுவோர் அதிகம்.

பெரும்பாலான பாதைகள் வனத்துறையின் கீழ் வருகின்றன. அரண்ய விஹாரா இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, பள்ளிக் குழு பெரிதாக இருந்தால் இடம் கிடைக்காது. காப்புக்காட்டுக்குள் கூடாரமோ நெருப்போ அனுமதி இல்லாமல் கூடாது. பல பள்ளிகள் அடிவாரத்தில் தனியார் நிலத்தில் முகாம் போட்டுப் பகலில் மட்டும் காட்டுக்குள் போவது இதனால்தான். ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். கூச்சலும் ட்ரோனும் அங்கே கூடாது.

அனுமதியை வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு: தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல், மேல்நோக்கி ஓடும் தீ, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பதிவின்மை. பிப்ரவரி முதல் மழை வரும்வரை புல்வெளிச் சரிவுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை நல்ல காலம்.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு; அதிகம் போனால் நாலில் ஒரு பங்கு. 45 கிலோ பெண்ணுக்கு 9 கிலோ. பள்ளியில் ஒரு தராசு வைத்து முந்தின நாளே நிறுத்துப் பாருங்கள். அம்மா வைத்த இரண்டாவது ஸ்வெட்டரும் முறுக்கு டப்பாவும் அங்கேதான் வெளியே வரும்.

பை மாட்டிவிடும் வரிசை இது. எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரட்டும், முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள்பட்டை, அதன்பின் தோளுக்கு மேலே உள்ள சிறு இழுப்பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் கனம் இடுப்பில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் நேர்மாறாகத் தோளை முதலில் இறுக்குவார்கள். மூன்றாம் கிலோமீட்டரில் கழுத்து வலி என்பார்கள்.

புது ஷூவில் வரக் கூடாது. இரண்டு வாரம் போட்டு நடந்திருக்க வேண்டும். குதிகாலில் சூடாக உணர்ந்ததுமே நிற்கச் சொல்லுங்கள். சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து உலர்த்தி, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, உலர்ந்த சாக்ஸ் போட ஐந்து நிமிடம் ஆகும். "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்றால் அங்கே கொப்புளம் வந்திருக்கும், அடுத்த நாள் நடை போய்விடும்.

சமையல்?

ரவை ஒருவருக்கு 80 கிராம், தண்ணீர் மூன்று பங்கு. அரிசி ஒருவருக்கு 100 முதல் 120 கிராம். வளரும் பிள்ளைகள் நடந்துவிட்டு வந்து சாப்பிடும் சாப்பாடு இது, வீட்டுக் கணக்கு போடாதீர்கள். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை, சப்பாத்தி தக்காளித் தொக்கு என வீட்டிலிருந்தே வரட்டும். இரண்டாம் நாள் காலைக்கு அவல்: ஊற வைத்தால் போதும், கேஸ் மிச்சம். வழியில் கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சை. வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளை குழுவில் இருந்தால் கடலைமிட்டாய் யாருடைய பையிலும் வேண்டாம்.

கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. மழை பெய்தாலும் கூடாது. தீப்பிடிப்பது ஒருபுறம், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்கியவர் எழ மாட்டார். அடுப்பைத் தட்டையான கல்லில் வையுங்கள், சமைப்பவர் மண்டியிடட்டும், சம்மணம் போட வேண்டாம்: பாத்திரம் கவிழ்ந்தால் கொதிநீர் மடியில் விழும். ரயிலிலும் விமானத்திலும் கேஸ் குப்பி எடுத்துப் போக அனுமதி இல்லை.

தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும்?

ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர், வெயில் நாளில் 4. ராமநகரப் பகுதிப் பாறைகள் பத்து மணிக்கே தோசைக்கல் ஆகிவிடும். விடியற்காலையில் கிளம்பிப் பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டில் இரண்டு அளவு வருகிறது: 1 லிட்டருக்கு 21 கிராம் அளவு, 200 மில்லிக்கு 4 கிராம் சொச்சம். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்குவதுதான் வழக்கமான தப்பு. உப்பும் சர்க்கரையும் அடர்த்தியாகி வயிற்றுப்போக்கு கூடும். கடையில் டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது.

தேனீ கொட்டினால்?

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை மலைகளில் பாம்பைவிட இதுதான் அன்றாட ஆபத்து. சாவனதுர்கா, ராமநகரப் பாறை முகங்களில் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். கல்லெறிதல், புகை, கூச்சல், வாசனைத் திரவியம் எல்லாம் அவற்றைக் கலைக்கும். பிள்ளைகளின் பையிலிருந்து சென்ட், பாடி ஸ்ப்ரே எல்லாவற்றையும் கிளம்புமுன் வாங்கி வைத்துவிடுங்கள்.

கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு வேகமாக விலகுவதுதான் வழி. விளிம்புப் பக்கம் மட்டும் ஓடக் கூடாது. கையை வீசி விரட்டக் கூடாது. தண்ணீரில் குதிக்கவும் கூடாது, தலை தூக்கும்போது காத்திருக்கும். பாதுகாப்பான இடம் வந்ததும் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி, வேகம்தான் முக்கியம், ஏனென்றால் கொடுக்கோடு ஒட்டிய பை விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். உதடு வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஏதேனும் வந்தால் அது கடும் அலர்ஜி. அட்ரினலின் ஊசிதான் மருந்து, செட்டிரிசின் மாத்திரை அல்ல. தானாகப் போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி இந்தியக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. முன்பே அலர்ஜி வந்த பிள்ளை என்றால் அவளுடைய மருத்துவரிடம் எழுத்தில் திட்டம் வாங்குங்கள். மற்றபடி 108-ஐ அழைத்து, படுக்க வைத்து, காலை உயர்த்தி, அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பத்துக்கு மேல் கொட்டியிருந்தால் அலர்ஜி இல்லாவிட்டாலும் மருத்துவமனை.

பாம்பு, அட்டை, உண்ணி?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் கர்நாடகத்தில் உண்டு. கடித்தால் கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிடாதீர்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறது என்று பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுப்பவரைக் கடிக்கும், வலி அதிகம் தெரியாது. ஆகவே ஜிப் மூடிய கூடாரத்தில்தான் தூக்கம், வானத்தைப் பார்த்துத் திறந்தவெளியில் அல்ல.

அட்டை மழைக்கால மேற்குத் தொடர்ச்சி மலையில். நகத்தால் வாயோரம் தள்ளி எடுங்கள், தீ வைக்காதீர்கள். உண்ணிதான் கவனிக்க வேண்டியது. குரங்குக் காய்ச்சல் 1957-ல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்டது. டிசம்பர் முதல் மே வரை உண்ணிகளால் பரவும். மலைநாட்டுப் பக்கம் போய்வந்து இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால், எந்தக் காட்டுக்குப் போனோம் என்பதை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகள் ஆற்றில் குளிக்கலாமா?

கூடாது. 2014 ஜூனில் இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றில், மேலே அணையைத் திறந்ததில் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஏரியில் பள்ளிப் படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் முருடேஸ்வர் கடலில் கோலார் மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் நால்வர். சங்கமம், மேக்கேதாட்டு பக்கம் காவிரி மேலே அமைதியாக இருக்கும், பாறைக்கடியில் சுழலும். "முழங்கால் அளவுதானே ஆன்ட்டி" என்று கெஞ்சுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் வாக்கெடுப்பு கிடையாது.

இடி மின்னல்?

ஏப்ரல், மே மதியங்களில் வரும். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் 30 விநாடிக்குக் குறைவு என்றால் உடனே உச்சியிலிருந்து இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை ஏறாதீர்கள். தனிமரம், குகை வாய், மண்டபத் தூண் ஓரம் வேண்டாம்.

ஒரு பிள்ளை காணவில்லை என்றால்?

மற்றவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்து எண்ணுங்கள். கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று எழுதுங்கள். இருவர் சேர்ந்து கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போகட்டும், பிள்ளைகளைத் தேட அனுப்பாதீர்கள். 30 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் வனத்துறைக்கும் 112-க்கும் பள்ளிக்கும் சொல்லுங்கள். "பெயர் கெட்டுவிடும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இருட்டும்வரை இழுப்பதுதான் பெரிய தப்பு. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லித் தர வேண்டியது: வழி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. மூன்று விசில் கேட்டால் பதில் வந்துவிட்டது. விசில் பைக்குள் இருக்கக் கூடாது, கழுத்தில்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாட்டிலைட் கருவியை எடுத்து வரலாமா?

வேண்டாம். சாட்டிலைட் போனும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியும் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், பலர் பிடிபட்டிருக்கிறார்கள். 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் சிறு வாக்கி டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனத்து சிம் எடுத்துப் போங்கள், வழியில் எங்கே சிக்னல் வருகிறது என்று முன்னோட்ட நடையில் குறித்து வையுங்கள்.

மாதவிடாய், மருந்து, இரவு?

பெண் மேற்பார்வையாளரிடம் நாப்கின், காகிதப் பை, ஜிப் பை, மாற்று உடை இருக்கும் என்பதைப் பேருந்து கிளம்புமுன் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை பிறகு கேட்க மாட்டாள். பயன்படுத்தியதைப் புதைக்காமல் திருப்பி எடுத்து வர வேண்டும். மலம் கழிக்க 15 செ.மீ. ஆழக் குழி, தண்ணீரிலிருந்து பெரியவர் 70 எட்டு வைத்து நடக்கும் தூரத்தில்.

பாரசிட்டமால்கூடப் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இருந்தால்தான். கொடுத்த நேரத்தை எழுதுங்கள். 16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் கூடாது. ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் அவள் சட்டைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று.

இரவில் முதல்முறை வெளியே தூங்கும் பிள்ளை பதினோரு மணிக்கு அழலாம். வீட்டுக்கு உடனே போன் போட்டுக் கொடுத்தால் அழுகை இரட்டிப்பாகும். கூடாரத்துக்கு வெளியே, இன்னொரு பெரியவர் பார்க்கும்படி, கொஞ்சம் சுக்குக்காப்பியோடு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். காலையில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

கன்னடம் தெரிய வேண்டுமா?

நாலு வரி தெரிந்தால் பெரிய உதவி. "நீரு எல்லி சிகுத்தே?" (தண்ணீர் எங்கே கிடைக்கும்), "ஈ தாரி எல்லிகே ஹோகுத்தே?" (இந்த வழி எங்கே போகும்), "ஆனே பந்திதெயா?" (யானை வந்திருக்கிறதா), "மகுவிகே ஹாவு கச்சிதே" (பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது). மூன்றாவது கேள்வியைக் கனகபுரா, பன்னேர்கட்டா பக்கம் காலையிலேயே ஊராரிடம் கேளுங்கள். "நேற்று ராத்திரி வந்தது" என்று பதில் வந்தால் அன்றைய நடை ரத்து; பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை?

பேருந்து இரவில் ஓடாதபடி, மாலை ஆறுக்குள் பள்ளி வாசலில் நிற்கும்படி திட்டமிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் எழுதிக் கொடுத்த பெரியவரிடம் மட்டும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வழியில் கொடுத்த மருந்து, விழுந்தது, கொட்டியது எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பெற்றோரிடம் வாயால் சொல்லி, தாளிலும் கொடுங்கள். ஈரக் கூடாரங்களை அன்றிரவே பள்ளி மாடியில் விரித்துக் காயப் போட ஆள் வேண்டும். மடித்தபடி இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்துத் துணி நாறும், அடுத்த குழு அதில்தான் தூங்க வேண்டியிருக்கும். கடைசிப் பிள்ளையின் வீட்டார் வரும்வரை இரண்டு பெரியவர்கள் வாசலில் இருக்க வேண்டும்.